எதிர்வீட்டு டவரும் வாத்தியார் காதிலிருந்த போனும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வாத்தியார் வந்தார். ரிட்டயர்டாகிப் பன்னிரண்டு வருடம் ஆனாலும் எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவர் வாத்தியார்தான். கையில் ஒரு முழுத்தாள், அதில் ஏற்கெனவே இருபது கையெழுத்துக்கு மேல். எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் இருக்கிற செல்போன் டவரை அகற்றக் கோரி கலெக்டருக்கு மனு. மண்டபம் அவர் வீட்டுக்கு நேர் எதிரே. "தம்பி, நீங்க அந்த வேலைல இருந்தவரு, உங்க கையெழுத்து இருந்தா வெயிட்டு" என்றார்.

ஆமாம், இருந்தவன்தான். 2007 முதல் மூன்று வருடம் டிரைவ் டெஸ்ட் வேலை. ஒரு இண்டிகா காரில் மடிக்கணினியையும் அதோடு கம்பி போட்டு இணைத்த நாலு போன்களையும் வைத்துக்கொண்டு தஞ்சாவூர், ராமநாதபுரம், வால்பாறை என்று ஊர் ஊராக ஓட்டிக்கொண்டே சிக்னல் அளப்பது. டவரில் ஏறுகிறவன் இல்லை, ஆண்டெனா வடிவமைத்தவனும் இல்லை, ஆனால் எந்த இடத்தில் போன் என்ன செய்கிறது என்பதை நாள் முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவன்.

மனுவுக்குக் காரணம் எனக்குத் தெரியும். நாலாவது வீட்டு அக்கா ஜனவரியில் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார், நாற்பத்தாறு வயது. அவர் வீட்டு மாடியில் துணி காயப்போட நின்றால் எதிரே அந்த டவர்தான் தெரியும். ஒரு சாவுக்குக் காரணம் தேடுகிற வீட்டில் போய் நின்றுகொண்டு "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்தும் போடவில்லை. "ரெண்டு நாள் டைம் குடுங்க சார்" என்றேன். அந்த இரண்டு நாளில் வாத்தியாருக்குச் சொல்ல யோசித்து வைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், அவரிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை.

முதலில் இந்தக் 'கதிர்வீச்சு' என்ற சொல். தமிழில் கூடங்குளத்துக்கும் அதே சொல், ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குக் கொடுக்கிற சிகிச்சைக்கும் அதே சொல், சட்டைப்பையில் இருக்கும் போனுக்கும் அதே சொல். கேட்டதும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் எக்ஸ்ரே, காமா கதிர்களுக்கு ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியும் வலு உண்டு, அதனால் டிஎன்ஏ நேரடியாக உடையலாம். போன் பயன்படுத்துவது ரேடியோ அலை. வானொலி, டிவி ஒளிபரப்பு எல்லாம் அந்தக் குடும்பம்தான். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை விட அதன் ஒவ்வொரு துகளுக்கும் (ஃபோட்டான் என்பார்கள்) லட்சம் மடங்குக்கு மேல் வலு குறைவு. எத்தனை துகள் சேர்ந்து வந்தாலும் அப்படி எலக்ட்ரானைப் பிடுங்காது. அதனால் செய்ய முடிகிற, சந்தேகமில்லாமல் நிரூபணமான வேலை ஒன்று உண்டு: சூடாக்குவது. மைக்ரோவேவ் அடுப்பு அதைத்தான் செய்கிறது, நூற்றுக்கணக்கான வாட்டில், மூடிய பெட்டிக்குள். (பேசிப் பேசிக் காது கொதிக்கிறதே என்பார்கள். அதில் பெரும்பங்கு பேட்டரிச் சூடும், கன்னத்தில் ஒரு பலகையை வைத்து அழுத்திக்கொண்டிருப்பதும்தான்.)

பாதுகாப்பு வரம்புகள் எல்லாமே இந்தச் சூட்டை வைத்துத்தான் போடப்பட்டவை. எலியையும் குரங்கையும் வைத்துச் செய்த பழைய சோதனைகளில், உடம்பு கிலோவுக்கு சுமார் 4 வாட் உள்வாங்கும்போது உடல்வெப்பம் ஒரு டிகிரி அளவுக்கு ஏறி, பழக்கின வேலையைச் செய்யாமல் விலங்குகள் நின்றுவிட்டன. அந்த 4 வாட்டை ஐம்பதால் வகுத்துப் பொதுமக்களுக்கு முழு உடம்புக்கு, கிலோவுக்கு 0.08 வாட் என்று வைத்தார்கள். போன் உடம்பு முழுவதையும் தொடுவதில்லை, தலையில் ஒரு பக்கத்தைத்தான் தொடுகிறது என்பதால் ஓரிடத்துக்கு மட்டும் அதைப்போல் இருபது மடங்கு: கிலோவுக்கு 1.6 வாட். அமெரிக்காவில் 1996-லிருந்து இருக்கும் இந்த 1.6 தான் 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவிலும் வரம்பு. எந்த ஒரு கிராம் திசுவை எடுத்தாலும் சராசரி இதைத் தாண்டக்கூடாது. அதற்கு முன் இங்கே ஐரோப்பாவைப் போல 10 கிராமுக்குச் சராசரி 2 வாட் இருந்தது. பார்க்க 2-க்கும் 1.6-க்கும் சின்ன வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் பத்து கிராமில் பரவிப்போவதை ஒரு கிராமில் பிடித்துப் பார்ப்பதால் புது வரம்பு நிஜமாகவே கெடுபிடியானது.

இந்த அளவுக்குத்தான் எஸ்ஏஆர் என்று பெயர், கடைப் பையன்கள் 'சார் வேல்யூ' என்பார்கள். வாத்தியாரையும் சார் என்றே கூப்பிடுவதால் அன்றைக்குப் பேச்சில் கொஞ்சம் குழப்பம் வந்தது. உங்கள் போனில் *#07# என்று அடித்துப் பாருங்கள், எண் வரும். என் போனில் தலைக்கு 0.98.

ஆனால் 0.98 இருக்கும் போன் 1.3 இருக்கும் போனைவிட நல்லது என்று நினைத்து வாங்கினால் ஏமாந்தோம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொந்தக்காரர்களுக்கு சிபாரிசு செய்தேன். இந்த எண்ணை எடுக்கிற விதம் இதுதான். தலை வடிவத்தில் ஒரு அச்சு. அதன் அளவு அமெரிக்க ராணுவ ஆட்களின் தலையளவிலிருந்து எடுத்தது, பெரிய தலை. அதற்குள் நம் திசுவைப் போல மின்சாரத்துக்கு இசையும் ஒரு திரவம். கன்னத்துப் பக்கம் போனைப் பொருத்தி, போனை அதன் உச்சபட்ச பவரில் கத்தவிட்டு, ஒரு ரோபோ கை அந்தத் திரவத்துக்குள் சின்ன உணர்கருவியை விட்டுப் புள்ளி புள்ளியாக அளக்கும். கிடைத்ததில் மிக அதிகமான எண்தான் பெட்டியில் வரும். ஒரு வண்டி ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகினால் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்கிற மாதிரி எண் அது. நாம் தினமும் எவ்வளவு திருகுகிறோம் என்பது அதில் இல்லை.

அந்தத் திருகலைத்தான் நான் மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவ் டெஸ்ட் திரையில் ஒரு மூலையில் 'டிஎக்ஸ் பவர்' என்று ஒரு கட்டம் உண்டு. நம் போன் அந்த நொடியில் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறது என்பது. 2ஜி, 900 மெகாஹெர்ட்ஸ் என்றால் அது 5-க்கும் 33-க்கும் நடுவே ஆடும். 33 என்றால் 2 வாட். 5 என்றால் 3 மில்லிவாட் சொச்சம். அறுநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம், அதே போன், அதே காது. தஞ்சாவூர் டவுனுக்குள் டவருக்குப் பக்கத்தில் போனால் 5, 7 என்று அடங்கிக் கிடக்கும். வால்பாறை மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் ஏறும்போது 33-ஐ விட்டு இறங்கவே இறங்காது, சாயங்காலத்துக்குள் நாலு போனும் செத்துவிடும். டவர் நன்றாகக் கேட்டால் போன் முணுமுணுக்கும், கேட்காவிட்டால் தொண்டை கிழியக் கத்தும். பேட்டரியை மிச்சம் பிடிக்கவும் பக்கத்துப் போன்களுக்கு இடைஞ்சல் கொடுக்காமல் இருக்கவும் டவரே போனுக்குக் கட்டளை போடுகிற ஏற்பாடு இது, நம் தலையை நினைத்து யாரும் செய்ததில்லை.

பழைய 2ஜி போனில் அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் டேப்ரிக்கார்டர் ஸ்பீக்கர் 'டிட் டிடிட் டிடிட்' என்று துடிக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதைக் காட்டித்தான் எங்கள் மாமா "பாத்தியா, இதே மூளையை என்ன பண்ணும்" என்பார். அந்த போன் தொடர்ந்து பேசுவதில்லை, எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் விட்டு விட்டு, நொடிக்கு 217 தடவை வெட்டி வெட்டிப் பேசும். அந்த வெட்டுத்தான் ஸ்பீக்கர் கம்பியில் ஏறிச் சத்தமாகக் கேட்டது. 2 வாட் உச்சம் என்றாலும் சராசரி 0.25 வாட் என்பதும் அதனால்தான். 3ஜி, 4ஜி வந்தபிறகு அந்தச் சத்தமே போய்விட்டது, சாதாரணமாகப் பேசும்போது போன் வெளியிடுவதும் வெகுவாகக் குறைந்தது. அம்மாவுக்கு 'டச் போன் வேண்டாம், ரேடியேஷன் அதிகம்' என்று பார்த்துப் பார்த்துப் பட்டன் போன் வாங்கிக் கொடுத்தவன் நான். அது 2ஜி. வீட்டிலேயே அதிகமாகக் கத்துகிற போனை அம்மா காதில்தான் கொடுத்திருக்கிறேன். இந்த வேலையில் இருந்தவன் என்று வெளியே சொல்லிக்கொள்வதற்கே கூச்சமாக இருக்கிறது.

சரி, டவருக்கு வருவோம்.

டவர் ஆண்டெனா நாலாபுறமும் கொட்டுகிற தண்ணீர்த் தொட்டி இல்லை, டார்ச் லைட் மாதிரி. தட்டையான கற்றை, லேசாகக் கீழே சாய்ந்து, தூரத்தைப் பார்த்துப் போகும். நேர் கீழே விளக்கடி இருட்டுத்தான். ஒரு கேரியருக்கு, அதாவது ஒரு அலைவரிசைக்கு, சுமார் 20 வாட், அதை ஒரு பக்கமாகக் குவிப்பதால் அந்தத் திசைக்கு ஐம்பது மடங்கு கூடுதல் என்று வைத்துக்கொண்டு நானே ஒரு கணக்குப் போட்டேன். 50 மீட்டர் தள்ளி, கற்றையின் நட்டநடுவில் நின்றால் சதுர மீட்டருக்கு 0.03 வாட் வரும். 900 மெகாஹெர்ட்ஸுக்கு உலக அளவில் பின்பற்றப்படும் வரம்பு 4.5 வாட். 2012-ல் இந்தியா அதையும் பத்தில் ஒன்றாக்கி 0.45 என்றது. கேரியர்கள் நாலைந்து, கம்பெனிகள் இரண்டு மூன்று என்று சேரச் சேரக் கணக்கு ஏறும், அதையும் மறைக்கவில்லை. ஆண்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், இருபது அடி தள்ளி ஒருவர் மாடி வீடு கட்டியிருந்தால் அவர் கேள்வி கேட்டே ஆகவேண்டும். தெருவில் நடக்கிறவர் நிலைமை அது இல்லை.

இன்னொன்றும் உண்டு, சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 2008-ல் ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்தில், டவர் வந்ததிலிருந்து தலை சுற்றுகிறது, தூக்கமே இல்லை என்று ஒரு பெரியவர் காரை மறித்தார். அண்ணாந்து பார்த்தேன். வெறும் இரும்புச் சட்டம். ஆண்டெனாவே ஏற்றவில்லை, கரண்ட் கனெக்‌ஷனும் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே தலை சுற்றியது. இப்படிச் சொல்கிறவர்களை அறையில் உட்காரவைத்து, அலை இருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல் செய்த சோதனைகளைத் தொகுத்து 2005-ல் ஒரு ஆய்வு வந்தது. 31 சோதனை, 725 பேர். அலை இருந்ததைத் தங்களால் உணர முடிகிறது என்பதை அவர்களால் உறுதியாகக் காட்ட முடியவில்லை. பயம் தலையைச் சுற்றவைக்கும், அந்தச் சுற்றல் நிஜம். அந்தப் பெரியவரிடம் சட்டத்தைக் காட்டிச் சிரித்துவிட்டு வந்தோம், இருபத்தைந்து வயதுத் திமிர்.

அப்படியானால் புற்றுநோய்? 2011 மே 31-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ரேடியோ அலைகளை '2பி' பட்டியலில் போட்டது. 'வரக்கூடும், ஆனால் ஆதாரம் போதவில்லை' என்கிற வகை. அதே பட்டியலில் சோற்றுக்கற்றாழையின் முழு இலைச்சாறும் இருக்கிறது. ரேடியோ அலையை அப்படிப் பட்டியலில் போட்டதற்குக் காரணமானதில் ஒன்று 13 நாடுகளில் நடந்து 2010-ல் வெளியான ஒரு ஆய்வு. மிக அதிகமாக, மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசினவர்களிடம் ஒருவகை மூளைக்கட்டி 40 சதவீதம் அதிகம் தெரிந்தது. பத்து வருடத்துக்குப் பிரித்தால் தினம் அரைமணி கூட இல்லை, அதனால் படித்தவர்கள் எல்லாம் பதறினோம். ஆனால் அதே ஆய்வில் சாதாரணமாகப் பேசுகிறவர்களுக்குப் பேசாதவர்களை விடக் கட்டி குறைவு என்றும் வந்தது! தினம் 12 மணி நேரத்துக்கு மேல் பேசினேன் என்று சொன்னவர்களும் அதில் உண்டு. நோய் வந்தபிறகு, பத்து வருடத்துக்கு முன் எவ்வளவு பேசினீர்கள் என்று ஞாபகத்திலிருந்து கேட்டால் இப்படித்தான் வரும்.

2018-ல் அமெரிக்காவில் எலிகளை இரண்டு வருடம், தினம் ஒன்பது மணி நேரம், முழு உடம்பிலும் அலையில் வைத்துப் பார்த்தார்கள். ஆண் எலிகளில் சிலவற்றுக்கு இதயத்தில் கட்டி வந்தது. அலையில் இருந்த அந்த ஆண் எலிகள்தான் இல்லாதவற்றை விட அதிக நாள் உயிரோடும் இருந்தன. 2024-ல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்த தொகுப்பு 63 ஆய்வுகளைப் பார்த்து, பத்து வருடத்துக்கு மேல் போன் பயன்படுத்தினவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடவில்லை என்றது. உலகத்தில் இத்தனை கோடிப் பேர் முப்பது வருடமாகக் காதில் வைத்திருக்கிறோம், பெரிய ஆபத்து இருந்தால் இந்நேரம் மருத்துவமனைக் கணக்குகளில் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இதனால் கம்பெனிகளும் அரசுகளும் சொல்வதை அப்படியே நம்புகிற ஆள் என்று என்னை நினைக்க வேண்டாம். பிரான்சில் அலைவரிசைகளைக் கண்காணிக்கும் ஏஎன்எஃப்ஆர் என்ற அரசு அமைப்பு கடையில் விற்கிற 141 போன்களைத் தானே வாங்கிச் சோதித்தது. கையில், பையில் உடம்போடு ஒட்டி வைத்தால் (கை, கால்களுக்கு அங்கே தனி வரம்பு) கிலோவுக்கு 4 வாட்டுக்குள் இருக்கவேண்டிய அளவு ஐபோன் 12-ல் 5.74 வந்தது. 2023 செப்டம்பர் 12 அன்று விற்பனையை நிறுத்தினார்கள். வெளியாகி மூன்று வருடம் ஆன போன்! ஆப்பிள் மென்பொருளை மாற்றிச் சரிசெய்த பிறகே விற்பனைக்கு விட்டார்கள். வரம்பைத் தாண்டினாலும் நோய் வரும் அளவுக்குப் பக்கத்தில் கூட இல்லை என்பது உண்மை, ஆனால் யாரோ ஒருவர் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கி அளந்ததால்தான் அது தெரிந்தது. அமெரிக்காவிலும், 1996 வரம்பு இன்றைக்கும் போதும் என்று அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் சொன்னபோது, ஏன் போதும் என்று காரணம் காட்டவில்லையே என்று 2021 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. வரம்பு தப்பு என்று நீதிமன்றம் சொல்லவில்லை, விளக்கம் போதாது என்றது. எனக்குப் பிடித்த தீர்ப்பு.

நம் ஊரில் இந்த இடைவெளியில் புகுந்து வியாபாரம் செய்கிறவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. போன் முதுகில் ஒட்டும் தங்கநிற ஸ்டிக்கர், ரேடியேஷனை உறிஞ்சுமாம். 2020 அக்டோபரில் மத்திய அரசின் பசு நல ஆணையத் தலைவர் வல்லபாய் கதிரியா மாட்டுச் சாணத்தில் செய்த சிப் ஒன்றையே பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார். ஸ்டிக்கர் நிஜமாகவே அலையைத் தடுத்தால் போன் என்ன செய்யும்? மேலே சொன்னதுதான், டவருக்குக் கேட்கவில்லை என்று இன்னும் சத்தமாகக் கத்தும்.

செவ்வாய்க்கிழமை வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் திண்ணைத் தூணில் சாய்ந்து, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு "கேக்குதா, கேக்குதா" என்று மகளிடம் கத்திக்கொண்டிருந்தார். எதிரே முப்பதடி தூரத்தில் டவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேசி முடித்ததும் போனை வாங்கி அமைப்புகளுக்குள் போய் சிக்னல் அளவைப் பார்த்தேன்: மைனஸ் 112. படுமோசம். அப்புறம்தான் உறைத்தது, அந்த டவரில் இருக்கும் ஆண்டெனா எல்லாம் வேறு கம்பெனியுடையது. வாத்தியாருடைய சிம் கம்பெனிக்குப் பக்கத்து டவர் பைபாஸ் தாண்டி எங்கோ இருக்கிறது. எதிரே இருப்பதற்குப் பயந்துகொண்டு, ஒன்றரை மைல் தள்ளி இருப்பதை நோக்கி அவர் போன் தினமும் இரண்டு மணி நேரம் அவர் காதிலிருந்தே கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

சொன்னேன். உடனே நம்பவில்லை, வாத்தியார் இல்லையா, திருப்பித் திருப்பிக் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டு ஒரு முழம் தள்ளி வைத்துப் பேசுங்கள், இல்லை கம்பி வைத்த இயர்போன் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒரு கட்டை சிக்னல் இருக்கும்போது அவசரமில்லாத பேச்சை மொட்டைமாடிக்குத் தள்ளிப்போடுங்கள், சிம்மை மாற்றினாலும் சரி என்றேன். ஆபத்து நிரூபணமாகிவிட்டது என்பதற்காக இல்லை, காசு செலவில்லாமல் குறைக்க முடிகிறதை ஏன் விடவேண்டும் என்பதற்காக. "அப்ப டவரு?" என்றார்.

டவருக்கு வழி இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறை 2017-ல் தரங் சஞ்சார் என்று ஒரு இணையதளம் திறந்தது, நம் வீட்டைச் சுற்றி எந்த டவர் விதிக்குள் இருக்கிறது என்று அதில் வரைபடத்திலேயே பார்க்கலாம், நேரில் வந்து அளக்கவேண்டும் என்றால் 4,000 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். கலெக்டருக்கு 'எடுங்கள்' என்று மனு கொடுப்பதற்கு முன், நாலாவது வீட்டு அக்கா துணி காயப்போட்ட அந்த மாடியிலேயே அவர்களை நிற்கவைத்து அளக்கச் சொல்வோம், அந்த எண்ணுக்குக் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மனுத்தாளைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தார். தெருவில் 38 வீடு, வீட்டுக்கு 106 ரூபாய்.

நேற்றுவரை பதினான்கு வீட்டில் வசூலாகியிருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் 500 கொடுத்திருக்கிறார். மண்டபக்காரரிடம் கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு கட்சி.